தாவுல் கிராமத்துச் சான் கிளிமென் தேவாலயம்: சுவர் மலையில், ஓவியம் பார்சிலோனாவில்

மலைப்பாதை:

நண்பர்களே, ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை இது. வடகிழக்கு ஸ்பெயினில், காட்டலோனியாவின் பிரனீஸ் மலைக்குள் பொயி பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அதில் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்ற சின்னக் கிராமம். பார்சிலோனாவிலிருந்து காரில் நாலு மணி நேரம் போல ஆகும், கடைசிப் பகுதி முழுக்க வளைவுதான். கிராமத்துக்குள் நுழைவதற்கு முன்பே, வீடுகளை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் புல்வெளி ஓரத்தில் நிற்கிறது சான் கிளிமென், அதாவது புனித கிளமெந்து ஆலயம். 1123 டிசம்பர் 10 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தப்பட்டது. மறுநாளே, 11ஆம் தேதி, அதே ஊரின் நடுவில் இருக்கும் சாந்தா மரியா ஆலயமும் அதே ஆயரால் நேர்ந்தளிக்கப்பட்டது. ஒரு மலைக்கிராமத்தில் அடுத்தடுத்த நாளில் இரண்டு கோவில்கள்!

நான் போனபோது உள்ளே ஏழெட்டுப் பேர்தான் இருந்தோம். கருங்கல் சுவர், உருண்டைத் தூண்கள், மேலே மரக்கூரை, சன்னல்கள் எல்லாம் ஓர் ஆள் தலை நுழையுமா என்கிற அளவுக்குச் சின்னவை. பீடத்துக்குப் பின்னால் அரைவட்டமாக வளைந்த சுவரில் அங்கங்கே கறை மாதிரி நிறம் தெரிந்தது, அவ்வளவுதான். அப்புறம் விளக்கை அணைத்தார்கள். இருட்டில் அந்த வளைந்த சுவரில் முதலில் கோடுகள், பிறகு சிவப்பு, பிறகு நீலம் என்று ஒளியாலேயே ஓவியம் வரைந்துகொண்டு வந்தது. கடைசியில் பாதாம் கொட்டை வடிவச் சட்டத்துக்குள் அமர்ந்திருக்கும் கிறிஸ்து முழுதாகத் தெரிந்தார். பத்து நிமிடம் போல இருக்கும், பிறகு விளக்கு போட்டுவிட்டார்கள், மறுபடியும் வெறும் சுவர்.

அசல் ஓவியம் அங்கே இல்லை. 1919க்கும் 1923க்கும் இடையில் அதைச் சுவரிலிருந்து உரித்து எடுத்து, கோவேறு கழுதைகளில் ஏற்றி மலை இறக்கி, பார்சிலோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று காட்டலோனிய தேசியக் கலை அருங்காட்சியகத்தின் தலையாய பொருள் அதுதான். அங்கேயும் போய்ப் பார்த்தேன், அழுகை வருகிற அளவுக்கு அழகு. ஆனால் மலையில் அந்தக் குளிரில் நின்றுவிட்டு வந்த எனக்கு ஒரு கேள்வி விடவே இல்லை. 800 வருடம் ஒரு ஊர் ஜனம் முழங்காலிட்ட சுவரில் இருந்த படத்தை அந்த ஊருக்கே திருப்பித் தரவேண்டாமா? என் மனசு தரவேண்டும் என்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள், என் கருத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

புதுவாசகன்:

அருமையான தொடக்கம். எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். ரோமனெஸ்க் என்றால் என்ன? ரோமானியர்கள் கட்டியதா? கோதிக் என்று சொல்கிறார்களே, அதிலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கருங்கல்:

ரோமானியர்கள் கட்டியதில்லை. ரோமப் பேரரசு மேற்கே விழுந்து ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு, அந்தப் பழைய கட்டட முறையின் அரைவட்ட வளைவுகளை வைத்துக் கட்டிய பாணிக்கு 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் வைத்த பெயர் அது. பொதுவாக 11, 12ஆம் நூற்றாண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் கண்டுபிடிக்க எளிய வழி, வளைவைப் பாருங்கள்: அரைவட்டமாக இருந்தால் பெரும்பாலும் ரோமனெஸ்க், உச்சியில் கூர்ந்திருந்தால் பெரும்பாலும் கோதிக். கோதிக்கில் பாரம் விலா எலும்புகள் மாதிரியான கல் வரிகளில் இறங்கி, வெளியே முட்டுக்கொடுத்த தாங்கிகளுக்குப் போய்விடுகிறது, அதனால் சுவரைத் திறந்து பெரிய கண்ணாடிச் சன்னல் வைக்கலாம். ரோமனெஸ்க்கில் சுவரேதான் பாரம் சுமக்கிறது. அதனால் தடித்த சுவர், சின்னச் சன்னல். மலைப்பாதை சொன்ன அந்த இருட்டு அதனால் வந்தது. ஆனால் அந்த இருட்டுக்கு ஒரு லாபமும் உண்டு, பெரிய வெற்றுச் சுவர் கிடைக்கிறது. ஓவியனுக்கு அதைவிட என்ன வேண்டும்? கண்ணாடி சன்னல் வந்த பிறகு அந்தச் சுவர் போய்விட்டது, படமும் கண்ணாடிக்கு மாறிவிட்டது.

சான் கிளிமென்னில் கவனிக்க வேண்டியது மணிக்கூண்டு. அடித்தளத்துக்கு மேல் ஆறு அடுக்கு, சதுரமாக மெலிந்து உயரமாக நிற்கும். கீழ் அடுக்கைவிட மேல் அடுக்குகளில் திறப்புகள் அதிகம். ஒற்றைச் சன்னல் போய் நடுவில் சின்னத் தூண் வைத்த இரட்டைச் சன்னல், மூன்று பிரிவுச் சன்னல் என்று. மேலே கனம் குறையும், மணி ஓசையும் பரவும். ஒவ்வோர் அடுக்கின் தலையிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் குருட்டு வளைவுகள் ஓடும், ஊடே மெல்லிய பட்டைத் தூண்கள். இதற்கு லொம்பார்து பட்டை என்று பெயர், வட இத்தாலியிலிருந்து கல்தச்சர்கள் வழியாக மலை தாண்டி வந்த பழக்கம். இத்தனைக்கும் செதுக்கி மழமழப்பாக்கிய கல் இல்லை, பக்கத்தில் கிடைக்கிற கருங்கல்லைச் சுத்தியலால் ஒழுங்குபண்ணி அடுக்கியது, கூரைக்கு மேலே பலகைக்கல். உள்ளூர்ப் பொருளை வைத்து வெளியூர் நுட்பத்தில் கட்டியது. எனக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

இந்தப் பாணி 12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஐரோப்பாவின் மற்ற இடங்களில் ஏற்கெனவே பழசாகிக்கொண்டிருந்தது. இங்கே மாற்றிக் கட்டவில்லை. பிற்பாடு இந்தப் பள்ளத்தாக்கு ஏழையாகி, ஒதுங்கிப்போனதால்தான் இடித்துப் பெரிதாகக் கட்டும் பணம் யாருக்கும் இல்லை. ஒன்பது ஆலயங்கள் ஏறத்தாழ அப்படியே நின்றுவிட்டன. 2000இல் யுனெஸ்கோ ஒன்பதையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

பழையஏடு:

தேதி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லையே, அதுதான் எனக்கு இந்த ஆலயத்திலேயே பிடித்த விஷயம். தூண் ஒன்றின் மேல் லத்தீனில் வண்ணத்தால் எழுதி வைத்திருந்தார்கள். கல்லில் வெட்டியது கூட இல்லை. ஆண்டவர் மனிதரானதிலிருந்து 1123ஆம் ஆண்டில், டிசம்பர் ஈதுஸுக்கு நான்காம் நாள், பர்பாஸ்த்ரோவின் ஆயர் ராமோன் வந்து, மறைசாட்சி புனித கிளமெந்துவின் பெயரால் இந்த ஆலயத்தை நேர்ந்தளித்து, பீடத்தில் ஆயரும் மறைசாட்சியுமான புனித கொர்னேலியுவின் அருளிக்கங்களை, அதாவது புனிதப் எச்சங்களை, வைத்தார் என்பது அதன் சாரம். ரோமானிய நாள்கணக்கில் டிசம்பர் ஈதுஸ் 13ஆம் தேதி. இரு முனையையும் சேர்த்து எண்ணுவார்கள் என்பதால் நான்காம் நாள் என்பது 10ஆம் தேதி. அந்த எழுத்தும் உரித்தெடுக்கப்பட்டு இப்போது பார்சிலோனாவில்தான் இருக்கிறது.

இதில் "பர்பாஸ்த்ரோ ஆயர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த ராமோனை 1116 வாக்கிலேயே பர்பாஸ்த்ரோ நகரத்திலிருந்து ஊயெஸ்கா ஆயர் துரத்திவிட்டார். அவர் ரோதா என்ற மலையூருக்குப் போய் அங்கே தங்கினார். ஆனாலும் 1123இல் தாவுலில் தூணில் எழுதும்போது பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. மறுபக்கம் இந்தப் பள்ளத்தாக்கு யாருடைய மறைமாவட்டம் என்று ஊர்ஹெல் ஆயருடன் வேறு நீண்ட சண்டை. 1140இல்தான் ஒப்பந்தமாகி, இந்தப் பக்கத்துத் தேவாலயப் பங்குகள் பெரும்பாலும் ஊர்ஹெல் வசம் போயின. குளிர்காலத்தின் நடுவில், பனி விழும் டிசம்பரில், ஓர் ஆயர் மலை ஏறி வந்து இரண்டு நாளில் இரண்டு ஆலயத்தை நேர்ந்தளித்துவிட்டுப் பெயரைத் தூணில் எழுதவைத்தது வெறும் பக்தி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இது என் இடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வருடத்தில், 1126இல், இறந்துவிட்டார், பிற்பாடு புனிதராகவும் வணங்கப்பட்டார்.

புதுவாசகன்:

ஆயர் வந்தார், சரி. பணம் யார் கொடுத்தது? இவ்வளவு சின்ன ஊருக்கு இப்படி ஓர் ஓவியனை எங்கிருந்து பிடித்தார்கள்?

பழையஏடு:

எரில் பிரபுக்கள். இந்தப் பகுதியின் நிலக்கிழார் குடும்பம். அரகோன் அரசன் முதலாம் அல்ஃபோன்ஸோ தெற்கே முஸ்லிம் ஆட்சியிலிருந்த நகரங்கள் மேல் படையெடுத்தபோது இவர்கள் கூடப் போனார்கள். 1118இல் சரகோஸா விழுந்தது, கொள்ளைப்பொருளிலும் வரியிலும் பங்கு வந்தது, அந்தக் காசு சொந்தப் பள்ளத்தாக்கில் கல்லாகவும் வண்ணமாகவும் மாறியது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். போர்ப்பணம் என்று கேட்கும்போது கசப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைக்கக்கூடாது.

ஓவியனின் பெயர் யாருக்கும் தெரியாது. "தாவுல் ஆசான்" என்று இன்று அழைக்கிறார்கள். பக்கத்துச் சாந்தா மரியாவில் வரைந்தது வேறு கை.

செங்காவி:

ஓவியத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவே இல்லையே! நான் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறவள், இந்தக் கிறிஸ்துவின் முகத்தைப் பிள்ளைகளுக்குப் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறேன். மூக்கும் புருவமும் ஒரே கோட்டில் ஓடும். தலைமுடியும் தாடியும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கண்ணாடியில் பார்த்தது போல. கன்னத்தில் சிவப்பு வட்டம். ஒரு துளி நிஜமான சதை கிடையாது, ஆனால் அந்தக் கண்ணிலிருந்து தப்ப முடியாது. இடது கையில் திறந்த புத்தகம், அதில் லத்தீனில் "உலகின் ஒளி நானே" என்று எழுத்து. வலது கை ஆசி கொடுக்கிறது. தோளுக்கு இருபுறமும் கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகளான ஆல்ஃபா, ஒமேகா விளக்குத் தொங்கவிட்ட மாதிரி தொங்கும். இந்த மாதிரி எல்லாவற்றையும் ஆளும் கிறிஸ்துவுக்குப் பாந்தோக்கிராத்தர் என்று பெயர்.

சுற்றிலும் நாலு நற்செய்தியாளர்களின் சின்னங்கள். அதில் ஒரு வானதூதர் மாற்குவின் சிங்கத்தைப் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் லூக்காவின் காளையை வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மாடு மேய்க்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தப் பிடி நன்றாகப் புரிந்திருக்கும்! கீழ்வரிசையில் தோமா, பர்த்தலமேயு, யோவான், யாக்கோபு எல்லாம் நிற்க, நடுவில் மரியா. அவர் கையில் ஒரு கிண்ணம், அதற்குள்ளிருந்து சிவப்பாகக் கதிர்கள். வெறும் கையால் தொடாமல் போர்வையால் மூடிய கையால் பிடித்திருக்கிறார். முன் வளைவில் ஏழு கண் உள்ள ஆட்டுக்குட்டி. அப்புறம் என் மனசை விட்டுப் போகாத ஒன்று: பணக்காரன் வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு கிடக்கும் இலாசர், அவர் புண்ணை நக்குகிற நாய். பெரிய கிறிஸ்துவைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அந்த நாயின் உடம்பு எலும்பும் தோலுமாக நீண்டு வளைந்திருக்கும், அதன் நாக்கில் இருக்கிற கனிவு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நீலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் சிறந்த நீலம் என்றால் ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வரும் லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல். தங்க விலை. இங்கே அது இல்லை. ஏரினைட் என்று ஒரு கனிமம், பிரனீஸ் மலையடிவாரத்திலேயே கிடைப்பது, அதை அரைத்துத்தான் பூசியிருக்கிறார்கள். கொஞ்சம் சாம்பல் ஓடின நீலம். காட்டலோனியாவின் மற்ற மலைக்கோவில்களிலும் இதே நீலம்தான். அந்த மலையின் நிறமே அந்தச் சுவரில் இருக்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்க்கும்.

மலைப்பாதை:

செங்காவி, இதற்கு நன்றி. கால்களைப் பற்றியும் சொல்லுங்கள், அந்தப் பாதங்கள் சட்டத்தை விட்டு வெளியே வந்து நம் பக்கம் இறங்குவது மாதிரி இருக்கும். வளைந்த சுவரில்தான் அது அப்படித் தெரியும், தட்டையான அச்சுப்படத்தில் பார்த்தபோது எனக்கு அது புரியவே இல்லை. இதனால்தான் சொல்கிறேன், இந்தப் படம் அந்தச் சுவருக்கென்று பிறந்தது. எடுத்தது தவறு.

கடலோரம்:

நான் பார்சிலோனாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், அந்த அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. மலைப்பாதை அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் "தவறு" என்று அவ்வளவு சீக்கிரம் எழுதாதீர்கள். எடுத்தவர்கள் ஏன் எடுத்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

1907இல் காட்டலோனிய ஆய்வுக் கழகம் ஒரு குழுவை மலைக்கு அனுப்பியது. கட்டடக் கலைஞர் பூச் இ கதஃபால்க் தலைமை, அதோல்ஃப் மாஸ் புகைப்படம் எடுத்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒழுங்கான சாலை கிடையாது, கழுதையிலும் நடந்தும் போய்ச் சேர்ந்தார்கள். சான் கிளிமென்னில் பீடத்துக்குப் பின்னால் பிற்காலக் கோதிக் பீடச்சட்டம் ஒன்று, அதாவது பீடத்தின் பின்னால் நிறுத்தும் அலங்காரப் பலகை, மறைத்துக்கொண்டு நின்றது, அதற்கு மேலே கிறிஸ்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கழகமே இந்தச் சுவரோவியங்களை வண்ணப் பிரதி எடுத்துப் புத்தகமாகப் போட்டது. அழகு உலகத்துக்குத் தெரிந்தது. வியாபாரிகளுக்கும் தெரிந்தது.

1919இல் சாந்தா மரியா தெ முர் என்ற இன்னொரு கிராம ஆலயத்தின் ஓவியத்தை இத்தாலியிலிருந்து வந்த நிபுணர்கள் உரித்துக்கொண்டிருப்பது தெரியவந்தது. வாங்கியவர் பிளாந்தியூரா என்ற சேகரிப்பாளர். அது கடல் தாண்டி அமெரிக்கா போய், 1921இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வாங்கியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. தடுக்க அப்போது சட்டம் கைகொடுக்கவில்லை. அடுத்தது பொயி பள்ளத்தாக்குதான் என்று எல்லாருக்கும் தெரியும். பார்சிலோனா அருங்காட்சியக வாரியத்தில் இருந்த ஃபோல்க் இ தோரெஸ் என்ன செய்தார் தெரியுமா? அதே இத்தாலிய நிபுணர்களை, ஃபிராங்கோ ஸ்தெஃபனோனி குழுவையே, வாரியத்துக்காக வேலைக்கு வைத்து, மீதி ஓவியங்களை வாரியமே வாங்கி உரித்து எடுக்க ஏற்பாடு செய்தார். இல்லாவிட்டால் இன்று நாம் பாஸ்டனுக்கோ ஏதோ பணக்காரர் மாளிகைக்கோ போய்த்தான் இந்தக் கிறிஸ்துவைப் பார்க்கவேண்டியிருந்திருக்கும்.

இன்னொன்றும் யோசியுங்கள். 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் காட்டலோனியாவெங்கும் எத்தனை தேவாலயங்கள் எரிந்தன! அருங்காட்சியகத்தில் இருந்ததால் இந்தத் தொகுப்பை ஒலோத் ஊருக்கு மாற்ற முடிந்தது, 1937இல் பாரிஸில் காட்சிக்கும் போனது.

சுண்ணக்காரை:

நான் சுவரோவியப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், "உரித்தார்கள்" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள், அது எப்படி என்று சொன்னால் இந்த விவாதத்துக்கே உதவும். ஸ்த்ராப்போ என்று இத்தாலியச் சொல், பிடுங்குதல் என்று பொருள்.

முதலில் ஓவியத்தின் மேல் துப்புரவு செய்து, மெல்லிய துணியை விலங்குத் தோல் எலும்பிலிருந்து காய்ச்சின சூடான பசையால் ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கும். அந்தச் சுருங்குகிற விசைதான் முக்கியம், அது வண்ணப் படலத்தை அடிச்சாந்திலிருந்து பிய்க்கத் தொடங்கும். பிறகு கீழே ஒரு முனையிலிருந்து உளி, கத்தி வைத்து மெதுவாக விடுவித்துக்கொண்டே துணியை இழுத்தால், வண்ணம் தோல் மாதிரி துணியோடு வந்துவிடும். பின்னால் ஒட்டியிருக்கும் சாந்துச் சிதறல் மில்லிமீட்டர் கணக்கில்தான். அதைச் சுருட்டிவிடலாம், அதனால்தான் கழுதையில் ஏற்ற முடிந்தது. பட்டறைக்கு வந்ததும் முதுகுப்பக்கத்தைச் சுத்தம் செய்து, புதிய துணியில் கால்சியம் சேர்த்த பாற்புரதப் பசையால் ஒட்டி, அப்புறம் முன்பக்கத் துணியை வெந்நீரால் நனைத்துக் கழற்றுவார்கள். பாற்புரதப் பசை தண்ணீருக்குக் கரையாது, விலங்குப்பசை கரையும். இந்த வித்தியாசத்தில்தான் முழு நுட்பமும் நிற்கிறது.

நம் பக்கத்திலும் இதற்கு உறவான வேலை நடந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவில் கருவறைச் சுற்றில் நாயக்கர் காலச் சித்திரங்களுக்கு அடியில் சோழர் சித்திரம் இருப்பது 1931இல் தெரியவந்தது. பிற்பாடு தொல்லியல் துறை மேல் அடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றித் தனியே வைத்தது. கீழே சோழர் ஓவியம், பக்கத்தில் நாயக்கர் ஓவியம், இரண்டும் பிழைத்தன.

இப்போது கேள்விக்கு வருகிறேன். மலைப்பாதை, திருப்பிக் கொண்டுபோக முடியாது. மனசில்லாமல் சொல்லவில்லை, பொருளே அனுமதிக்காது. அது இன்று சுவர் இல்லை, துணி மேல் ஒரு மெல்லிய படலம், முதுகில் மரச் சட்டகம். அருங்காட்சியகத்தின் சீரான வெப்பநிலைக்கும் ஈரப்பதத்துக்கும் பழகியிருக்கிறது. துணி, பசை, சுண்ணாம்பு மூன்றும் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் விரியும் சுருங்கும். குளிரில் உறைந்து வெயிலில் காய்கிற மலைச்சுவருக்குள் வைத்தால் சில வருடத்தில் செதில் செதிலாக உதிரும். சிஹேனா மடாலய வழக்கைப் பாருங்கள். அரகோனில் 1936இல் எரிந்த மடாலயத்தின் ஓவியங்கள், இதே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைத் திருப்பித் தரவேண்டும் என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றமே 2025 மே மாதம் தீர்ப்பை உறுதி செய்துவிட்டது. சட்டம் அரகோனின் பக்கம். ஆனாலும் நெருப்பில் வெந்த அந்தப் படலத்தை அசைத்தால் உடையும் என்று பாதுகாப்புத் துறையினர் எத்தனை பேர் கவலைப்படுகிறார்கள்! உரிமை வேறு, பொருளின் உடல்நிலை வேறு.

மலைப்பாதை:

சுண்ணக்காரை, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. பொருளே தாங்காது என்பது எனக்குத் தெரியாது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் "எடுத்தது சரி" என்பதில் ஒரு குறை இன்னும் இருக்கிறது. பாஸ்டனுக்குப் போகாமல் காத்ததற்கு நன்றி, ஆனால் அந்தக் கிராமத்துக்கு என்ன கிடைத்தது? வெறும் சுவர்தானே பல வருடம்? அதே பள்ளத்தாக்கின் எரில் லா வால் ஊர் ஆலயத்து மரச்சிலைகளையும் நினைத்துப் பாருங்கள். சிலுவையிலிருந்து இயேசுவை இறக்கும் காட்சி, ஏழு உருவங்கள், 12ஆம் நூற்றாண்டு மரவேலை. அதே 1907 பயணத்தில் கண்டுபிடித்தார்கள். இன்று ஐந்து உருவம் விக் நகர அருங்காட்சியகத்தில், மரியாவும் யோவானும் பார்சிலோனாவில். ஒரே துக்கத்தில் சேர்ந்து நிற்கச் செதுக்கியவர்களை இரண்டு ஊருக்குப் பிரித்துவிட்டார்கள். தாய் ஓர் ஊரில், மகனின் உடல் இன்னோர் ஊரில். ஊரில் இருப்பது நகல். இதற்கு ஈரப்பதம் காரணம் என்று சொல்ல முடியாது அல்லவா? இதையாவது ஒன்றாகச் சேர்க்கலாமே.

கடலோரம்:

அதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன். மரம், எடுத்து வைக்கக்கூடியது. நிறுவன எல்லைகள்தான் தடை. விக்கில் அந்த ஐவரையும் பார்த்துவிட்டுப் பார்சிலோனா வந்து மரியாவைப் பார்த்தேன், கையை நீட்டியபடி நிற்கிறார், அந்தக் கை தாங்கவேண்டியது அங்கே இல்லை. எதிரே ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

கிராமத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். 1960 வாக்கில் சான் கிளிமென் சுவரில் ஓவியத்தின் நகல் ஒன்றை வரைந்து வைத்தார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் அசல். 2013இல் அதை எடுக்கும்போது சில பெரியவர்களுக்கு மனம் சங்கடப்பட்டதாக அங்கே தங்கியிருந்தபோது ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அவர் முதல் திருவிருந்து வாங்கியது அந்த நகலின் கீழ்தானாம்.

சுண்ணக்காரை:

அந்த 2013 வேலையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். மலைப்பாதை, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், நீங்கள் அங்கே பார்த்த "கறை மாதிரி நிறம்" என்ன என்று தெரியுமா? அது அசல்.

ஸ்த்ராப்போவில் மேல் படலம்தான் வரும். ஈரச்சாந்தில் வண்ணம் கொஞ்சம் உள்ளே ஊறியிருக்கும் இல்லையா, அந்த ஊறல் சுவரிலேயே தங்கிவிடும். எடுக்காமல் விட்ட துண்டுகளும் உண்டு. நகலை அகற்றிச் சுத்தம் செய்தபோது அதெல்லாம் வெளியே வந்தது. விவிலியக் கதையில் அண்ணன் காயின் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சியின் மிச்சம் உட்பட. அதாவது 1123 வாக்கில் பூசிய வண்ணம் இன்றைக்கும் தாவுலில் இருக்கிறது, வெறும் சுவர் என்று யாரும் சொல்லக்கூடாது. நீங்கள் பார்த்த, ஒளியால் வீசிய படம் கண்டபடி போட்டதில்லை. அந்த மிச்சங்களின் மேல் கோட்டுக்குக் கோடு பொருந்தும்படி கணக்கிட்டு வீசுகிறார்கள். இலாசரின் நாயும், ஆட்டுக்குட்டியின் கண்களும், எந்தக் கல்லின் மேல் இருந்தனவோ அதே கல்லின் மேல் விழுகின்றன. சுவரைத் தொடவும் இல்லை, ஒரு துளி புதிய வண்ணமும் இல்லை, விளக்கை அணைத்தால் ஒரு தடயமும் இல்லை. என் தொழிலில் இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது.

கருங்கல்:

இதைப் படித்ததும் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. உள்ளே முழுக்க ஒருகாலத்தில் சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள், தூண்கள் உட்பட. நாம் இன்று "ஆகா, வெறும் கருங்கல்லின் எளிமை" என்று ரசிக்கிறோமே, அது 12ஆம் நூற்றாண்டுக்காரர்கள் பார்த்ததே இல்லை. ரோமனெஸ்க் என்றால் சாம்பல் நிறம் என்ற எண்ணத்தை விட்டுவிடவேண்டும். அவர்கள் கோவிலில் நிறம் கொட்டிக் கிடந்தது.

புதுவாசகன்:

எல்லாரும் எழுதினதைப் படித்துப் போகவேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். எப்போது போகலாம்? மலை, அருங்காட்சியகம் இரண்டில் எதை முதலில் பார்ப்பது?

கடலோரம்:

முடிந்தால் ஜூன் நடுவிலிருந்து ஜூலைக்குள். அப்போது இந்தக் கிராமங்களில் ஃபாலெஸ் நடக்கும், இரவில் மலை உச்சியில் நெருப்பு மூட்டி, தீப்பந்தங்களைத் தோளில் சுமந்து வரிசையாக ஊருக்கு இறங்கி வருவார்கள். தூரத்திலிருந்து மலையில் நெருப்புப் பாம்பு இறங்குவது மாதிரி இருக்கும். 2015இல் யுனெஸ்கோ இதையும் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. ஊருக்கு ஊர் நாள் மாறும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கூட்டம், அறை கிடைப்பது சிரமம்.

தாவுலோடு நிறுத்திவிடாதீர்கள். எரில் லா வால் மணிக்கூண்டு, பொயி ஊரின் சான் ஜோவான், மேலே தூர்ரோ, எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான். சான் ஜோவானில் கல்லெறிபடும் ஸ்தேவான் படத்தின் நகலைப் பாருங்கள், அந்த ஓவியமும் பார்சிலோனா போனதுதான்.

எதை முதலில் என்று கேட்டால், மலையை முதலில். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்தவர்களுக்கு மலையில் "இங்கே ஒன்றும் இல்லையே" என்று தோன்றிவிடும். மலையில் அந்த வளைவின் அளவு, உயரம், இருட்டு எல்லாம் உடம்பில் பதிந்த பிறகு மோன்ஜுயிக் குன்றில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வாருங்கள். அங்கே வளைந்த சுவர் வடிவத்தை மரத்தில் செய்து அதன் மேல்தான் ஓவியத்தை ஏற்றியிருக்கிறார்கள். பின்பக்கம் போனால் மரச் சட்டகம் அப்படியே தெரியும், படகைக் கவிழ்த்து வைத்தது போல. பலர் அதைப் பார்ப்பதே இல்லை, நீங்கள் பின்னால் போய்ப் பாருங்கள்.

செங்காவி:

புதுவாசகன், இலாசரின் நாயை மறக்காதீர்கள். வளைவுக்கு வெளியே, முன்பக்கம், நம் பார்வைக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கும்.

மலைப்பாதை:

சுண்ணக்காரை எழுதியதைப் படித்த பிறகு, என் போனில் எடுத்த படங்களை இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விளக்கு போட்ட பிறகு எடுத்த ஒன்றில், பீடத்துக்கு வலது பக்கம் நான் ஈரக்கசிவு என்று நினைத்த இடத்தில், பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு சிவப்புக் கோடு வளைந்து போகிறது. ஏதோ துணி மடிப்பின் ஓரம். ஒளி விழுந்தபோது எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தேன், அதே இடம், அதே வளைவு. திருப்பிக் கொடுங்கள் என்று எழுதத் தொடங்கினேன், அங்கேயே இருந்ததை நான் பார்க்காமல் வந்திருக்கிறேன். வரும் ஜூனில் மறுபடி போகிறேன். இந்தத் தடவை விளக்கு எரியும்போது சுவரைப் பார்ப்பேன். எரில் சிலைகள் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை, அந்த ஏழு பேரும் ஒரே கூரையின் கீழ் நிற்கவேண்டும்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கீழே போடுகிறேன், அந்தக் கோடு யாருடைய ஆடை என்று செங்காவி பார்த்துச் சொல்லுங்கள்.